பன்னிரண்டு புள்ளி ஆறு

பத்து மணிக்குக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள், பத்து இருபது ஆகிவிட்டது, கதவு சாத்தியே கிடக்கிறது, இந்த இரும்பு நாற்காலி முதுகை உறுத்துகிறது, பதினாறு வருஷத்தில் இந்த மாடி வராந்தாவை எத்தனை ஆயிரம் தடவை கடந்திருப்பேன், கையில் ஸ்குரூடிரைவரோ மல்டிமீட்டரோ இருக்கும், உட்கார்ந்தது இன்றைக்குத்தான், வெறும் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எதிரே கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே இறால் உரிக்கிற ஹால், நீள நீளமாக எவர்சில்வர் மேஜைகள், வியாழக்கிழமை காலை இந்நேரத்துக்கு இருநூற்று எண்பது பெண்கள் நீலத் தொப்பியும் வெள்ளை பூட்ஸுமாக நிற்க வேண்டிய இடத்தில் ஒரு ஆள்கூட இல்லை, மூன்றாவது வரிசைக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, வாஷர் போயிருக்கும், மாற்ற வேண்டும், யார் மாற்றுவார்கள், நான் இங்கே இருப்பேனா. இருப்பேன். ஏன் இருக்க மாட்டேன். தப்பு செய்தவள்தான் அப்படி யோசிக்க வேண்டும். நீ செய்யவில்லையா என்று உள்ளே ஒன்று கேட்கிறது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்போது வேண்டாம். கதவுக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருக்கிறார்கள், எம்.டி., மேனேஜர் ஞானதுரை சார், அப்புறம் சென்னையிலிருந்து நேற்று வந்த தாஹிரா என்கிற பெண், முப்பது வயது இருக்கும், தொழிற்சாலை எந்திரங்களுக்குள் எங்கோ இருந்துகொண்டு கம்ப்யூட்டர் வழியாக எவனாவது புகுந்தால் எப்படிப் புகுந்தான் என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலையாம். நேற்று முழுக்க எங்கள் கன்ட்ரோல் ரூமில் லேப்டாப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மத்தியானச் சாப்பாடும் அங்கேயேதான், வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. புகுந்தார்கள் என்று சொல்வாளா, இல்லை ஒரு மீட்டர் கெட்டுப்போயிருந்தது, இந்த அம்மா பயந்துபோய் கம்பெனியையே நிறுத்திவிட்டாள் என்று சொல்வாளா, எந்தப் பக்கம் யோசிக்க ஆரம்பித்தாலும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து முட்டுகிறேன்.

கெட்டுப்போகவில்லை. எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால், கச்சான் காற்று உப்பளத்துப் பக்கமிருந்து மண்ணை வாரிக் கன்ட்ரோல் ரூம் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது, தூத்துக்குடியில் ஆகஸ்ட் மாசம் அப்படித்தான், நான் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அப்போதுதான் அந்த எண்ணைப் பார்த்தேன், பன்னிரண்டு புள்ளி ஆறு. அமோனியா அழுத்தம். இறாலை உறைய வைப்பது அமோனியாதான், குழாய்க்குள் இருக்கிறவரை அதைப்போல வேலைக்காரன் கிடையாது, வெளியே வந்தால் முதலில் கண், அப்புறம் தொண்டை, அப்புறம் நெஞ்சு. பன்னிரண்டு புள்ளி ஆறு என்பது தப்பான எண் இல்லை, நல்ல எண், யார் பார்த்தாலும் சரி என்று போய்விடுவார்கள். ஆனால் அது அப்படியே நின்றது. பதினாறு வருஷமாக அந்த எண்ணைப் பார்க்கிறேன், முன்னே முள்ளில், இப்போது திரையில், ஒரு நாளும் அது சும்மா இருந்ததில்லை, ஆறு என்பது ஏழாகும், நாலாகும், திரும்ப ஐந்தாகும், கம்ப்ரெசர் மூச்சு விட விட அதுவும் ஆடும், தூங்குகிற பிள்ளையின் வயிறு ஏறி இறங்குவதைப்போல, என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நான் பக்கத்தில் படுத்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், ஏறுகிறதா, இறங்குகிறதா. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒரு நிமிஷம், இரண்டு, மூன்று, பன்னிரண்டு புள்ளி ஆறு. காது வேறு ஒன்று சொன்னது. கீழே கம்ப்ரெசரின் சத்தம் கனத்திருந்தது, மேட்டில் ஏறுகிற லாரியைப்போல. எழுந்து ஓடினேன். கம்ப்ரெசர் ரூமில் குழாயின் மேலேயே பொருத்தியிருக்கிற பழைய வட்ட மீட்டர், முள் காட்டுகிற மீட்டர், அது பதினேழரையில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. பத்தொன்பதைத் தொட்டால் மொட்டைமாடியில் இருக்கிற வால்வு தானாகத் திறந்து அமோனியாவை ஆகாசத்தில் விடும், ஹாலுக்குள் காற்றை இழுக்கிற மின்விசிறியும் அதே மாடியில்தான், வால்வுக்கு இருபதடி தள்ளி. பதினாறுக்கு வந்தாலே எந்திரம் தானாக நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. வெளியே சூட்டைத் தணிக்கிற பெரிய ஃபேன்கள் மூன்றும் அசையாமல் நின்றன, ஆனால் திரையில் மூன்றும் ஓடுகிறது என்று பச்சையில் காட்டிக்கொண்டிருந்ததை இப்போதுதானே பார்த்துவிட்டு வந்தேன். அந்த ஒரு நொடியில் புரிந்தது, எந்திரம் கெட்டால் எனக்குத் தெரியும், கெட்ட எந்திரம் உளறும், இது உளறவில்லை, இது நிதானமாகப் பொய் சொன்னது, யாரோ ஒரு ஆள் இதற்குள் உட்கார்ந்து என் கண்ணைக் கட்டிவிட்டு அந்தப் பக்கம் வேறு வேலை செய்துகொண்டிருந்தான். சிவப்புப் பொத்தானை அடித்தேன், உள்ளங்கையால் ஓங்கி.

அந்தப் பொத்தான், அதைப் பற்றி உள்ளே கேட்டால் சொல்ல வேண்டும், கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தபோது அதையும் சேர்த்துக் கொண்டுபோகப் பார்த்தார்கள், எதுக்கும்மா இந்தப் பழைய பொத்தான், திரையிலேயே ஒரு சிவப்புக் கட்டம் வைத்துத் தருகிறோம், மவுஸால் அழுத்தினால் நின்றுவிடும் என்று இன்ஜினீயர்கள் சொன்னார்கள். நான் டிப்ளமோதான், அவர்கள் எல்லாம் பெரிய படிப்பு, இருந்தும் விடவில்லை, பொத்தானிலிருந்து மோட்டாருக்கு ஒயர் நேராகப் போகட்டும், நடுவில் எந்தப் பெட்டியும் வேண்டாம், கம்ப்யூட்டருக்கு இப்படி ஒரு ஒயர் இருப்பதே தெரிய வேண்டாம் என்று நாலு நாள் நின்று சண்டை போட்டேன், ஞானதுரை சார்தான் கடைசியில் சிரித்துக்கொண்டு, விடுங்கப்பா, கனி ஆசைப்படுது, இருந்துட்டுப் போகட்டும் என்றார். அந்த ஒயரை நானே இழுத்தேன். பதினெட்டு மீட்டர். செவ்வாய்க்கிழமை அடித்த அடியில் கம்ப்ரெசர் ஒரு உறுமல் உறுமி அடங்கியது, எங்கோ தெரியாத ஊரில் உட்கார்ந்திருந்தவனால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை, அந்தக் கை எட்டாத ஒரு இடத்தை நான் விட்டுவைத்திருந்தேன், இதை நினைக்கும்போது எனக்குள் ஏதோ நிமிர்கிறது, வராந்தாவில் யாரும் இல்லை, தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொள்கிறேன், சிரித்தால் என்ன. அப்புறம் ஹாலுக்கு ஓடினேன். எந்திரம் நின்றுவிட்டதே, எதற்காக அத்தனை பெண்களையும் வெளியே துரத்தினாய் என்று எம்.டி. கேட்பார், அன்றைக்கே கேட்டார். எப்படிச் சொல்வது. ஹாலுக்குள் கேஸ் கசிந்தால் கண்டுபிடிக்கிற கருவிகள் ஆறு இருக்கின்றன, ஆறும் சொல்வது அதே கம்ப்யூட்டரிடம்தான், அதுவோ பொய் சொல்கிறது, எந்த எண்ணையும் நம்ப முடியாத இடத்தில் ஆட்களை எப்படி வைத்திருப்பேன். கதவைத் தள்ளிக்கொண்டு, எல்லாரும் வெளிய போங்க என்று கத்தினேன், முதலில் சிரித்தார்கள், கனி, காலையிலேயே சினிமாவா என்று ஒருத்தி கேட்டாள். பிலோமினா அக்காதான் என் முகத்தைப் பார்த்தாள், உரிக்கிற பெண்களுக்கெல்லாம் மேஸ்திரி, இருபது வருஷ சர்வீஸ், கையிலிருந்த கத்தியை மேஜையில் வைத்தாள். "என்னட்டி ஆச்சு?" "கேஸ் வரலாம்க்கா." "வருமா, வராதா?" "தெரியாதுக்கா, தெரியாததுனாலதான் சொல்லுதேன்." அவ்வளவுதான், பிலோமினா அக்கா விசிலை எடுத்து ஊதிவிட்டாள். எல்லாரும் கிழக்கே மெயின் கேட்டைப் பார்த்து ஓடப் போனார்கள், கச்சான் மேற்கேயிருந்து அடிக்கிறது, கேஸ் வந்தால் அவர்கள் பின்னாலேயே வரும், நான் குறுக்கே போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன், "காத்துக்கு எதிர்க்கப் போங்க, உப்பளத்துப் பக்கம், காத்து மூஞ்சில அடிக்கணும்." இருநூற்று எண்பது பேர், கர்ப்பிணிகள் இரண்டு பேர், முட்டிவலிக்காரிகள், பூட்ஸ் காலோடு மண்ணில் ஓடினார்கள், நான் திரும்பி முகமூடியை மாட்டிக்கொண்டு கம்ப்ரெசர் ரூமுக்குள் போனேன். ஃபேன்களின் சுவிட்சைக் கம்ப்யூட்டரிலிருந்து கைக்கு மாற்றி ஒவ்வொன்றாக ஓட விட்டேன். முள் பதினேழரையிலிருந்து பதினேழு, பதினாறரை, நாற்பது நிமிஷம் அதன் முன்னாலேயே நின்றேன், பதினொன்றுக்கு வந்ததும்தான் என் சேலை முழுக்க நனைந்திருப்பது தெரிந்தது.

கேஸ் வரவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. இதுதான் இப்போது பிரச்சினை. வால்வு திறந்து நாலு பேர் மயங்கி விழுந்திருந்தால் எல்லாரும் என்னைத் தலையில் தூக்கி வைத்திருப்பார்கள், நடக்காத ஒன்றை எதைக் காட்டி நடந்திருக்கும் என்று சொல்வது. நடந்தது என்னவென்றால் மூன்று டன் இறால் கெட்டுப்போய் நாறியது, வெயிலில் நின்று இரண்டு பெண்கள் வாந்தியெடுத்தார்கள், மூன்று நாளாக வேலை இல்லை, நேற்று பஸ்ஸில் எனக்குப் பின்னால் உட்கார்ந்தவள் பக்கத்தில் இருப்பவளிடம் சொன்னாள், அந்த மீட்டர் பாக்குத பொம்பளைக்குக் கோட்டி பிடிச்சிட்டாம், அதான் எல்லாரையும் வெளிய விரட்டிட்டாளாம். பைத்தியமாம் எனக்கு, நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மீட்டர் கெட்டால் ஒரு எண்தான் நிற்கும், நின்றுபோன மூன்று ஃபேனையும் ஓடுகிறது என்று திரை எப்படிக் காட்டும், இதை எனக்கு நானே ஐம்பது தடவை சொல்லிவிட்டேன், ஐம்பத்தோராவது தடவை சொல்லும்போது அதற்கடியிலிருந்து அது எட்டிப்பார்க்கிறது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேனே, அது. சரி, இப்போதே பார்ப்போம். செவ்வாய்க்கிழமை முள் இறங்க ஆரம்பித்ததும் நான் செய்த அடுத்த காரியம், அதே கம்ப்ரெசர் ரூமில் இருக்கிற கன்ட்ரோல் பேனலின் கதவைத் திறந்து உள்ளே மூலையில் இருக்கிற ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியிலிருந்து கேபிளைப் பிடுங்கியது. தேடவில்லை. யோசிக்கவும் இல்லை. இருட்டிலும் என் கை அங்கே போயிருக்கும். ஏனென்றால் அதை மாட்டியது நான்தான். மோடம். எங்கள் எந்திரங்களை வெளியே இருக்கிற இன்டர்நெட்டோடு சேர்த்துவைத்த ஒரே கதவு. போன செப்டம்பரில் ஞானதுரை சாரின் மனைவிக்கு ஆபரேஷன், அவர் வேலூரில் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்துகொண்டு மணிக்கு நாலு தடவை எனக்குப் போன் செய்வார், டெம்பரேச்சர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, அப்புறம் ஒரு நாள், கனி, ஒரு மோடம் அனுப்புதேன், மாட்டிரு, எல்லாம் என் மொபைல்லயே தெரியும், ரெண்டே வாரம் என்றார். வேண்டாம் சார், நம்ம எந்திரத்தை வெளியே காட்டக்கூடாது என்றேன். அவர் குரல் அழுகிறவர் குரலாக இருந்தது. மாட்டினேன். பாஸ்வேர்ட் பெட்டியின் அடியிலேயே அச்சடித்து ஒட்டியிருந்தது, மாற்ற வேண்டும் என்று தெரியும், ரெண்டு வாரம்தானே என்று விட்டேன். சார் வீட்டு அம்மா நல்லபடியாகத் திரும்பி வந்தார்கள், நான் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினேன், இருக்கட்டும் கனி, வசதியா இருக்கு என்றார், அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. பதினோரு மாசம். தினமும் பேனலைத் திறப்பேன், அதன் பச்சை விளக்கு கண் சிமிட்டும், நான் கதவைச் சாத்திவிடுவேன். பொத்தானுக்காக நாலு நாள் சண்டை போட்டவள் இதற்காக ஒரு நாள் போடவில்லையே, ஏன், சார் மேல் இரக்கமா, சோம்பலா, இல்லை பொத்தான் விஷயத்தில் ஜெயித்துவிட்டோம், போதும் என்கிற மிதப்பா. மிதப்புதான். தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன்.

கதவு திறக்கிறது, நான் எழுந்திருக்கிறேன், ஞானதுரை சார் மட்டும் வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறார், சட்டை கசங்கியிருக்கிறது, இரண்டு நாளாகச் சவரம் இல்லை, எவ்வளவு தலை நரைத்துவிட்டது இந்த மனுஷனுக்கு. "உக்காரு கனி, உக்காரு. காபி குடிச்சியா?" "ஆச்சு சார்." அவர் உட்காரவில்லை, கண்ணாடி வழியாகக் கீழே ஹாலைப் பார்க்கிறார். "அந்தப் பொண்ணு மோடத்தைப் பத்திக் கேப்பா." "கேப்பாங்க சார்." "மெஷின் கொடுத்த கம்பெனிக்காரன் சர்வீஸுக்கு வந்தப்ப மாட்டிட்டுப் போயிட்டான், நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிரு. அவங்க வெளியூர்ல இருக்காங்க, பெரிய கம்பெனி, அவங்களுக்கு இதனால ஒண்ணும் ஆகிரப்போறதில்ல." அவர் என் பக்கம் திரும்புகிறார். "எனக்கு ரிட்டையர் ஆக எட்டு மாசம் இருக்கு. உனக்காகவும்தான் சொல்லுதேன், மாட்டின கை யாரு கை, யோசிச்சுப் பாரு." "என் கைதான் சார்." "அதான்." அவருடைய கண்ணைப் பார்க்கிறேன், மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருக்கிறது, வேலூரிலிருந்து போனில் கேட்ட அதே குரல், அன்றைக்கு அந்தக் குரலுக்காகத்தான் மாட்டினேன். "அம்மா நல்லா இருக்காங்களா சார்" என்று கேட்கிறேன், எதற்கு இதைக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறார். சொல்லிவிடலாம். சின்னப் பொய். யாருக்கும் அடிபடாது. சொன்னால் செவ்வாய்க்கிழமை நான் செய்தது மட்டும் மிச்சமிருக்கும், சுத்தமாக, ஒரு கறை இல்லாமல், பேப்பரில்கூடப் போடுவார்கள், கோட்டி என்று சொன்னவள் அதைப் படிப்பாள். ஆனால் அந்தத் திரையும் அப்படித்தானே இருந்தது, சுத்தமாக, ஒரு ஆட்டம் இல்லாமல். பன்னிரண்டு புள்ளி ஆறு என்று நானும் சொல்வதா. அதைக் கண்டுபிடித்தவள் நான். அதைக் கண்டுபிடித்தேன் என்கிற கர்வம் எனக்கு இருக்கிறது, இருக்கட்டும், யாரும் கொடுத்ததில்லை, நானே சம்பாதித்தது, அதை ஒரு பொய்யின் மேல் கொண்டுபோய் வைத்தால் நாளைக்கு எந்த மீட்டர் முன்னால் நிற்பேன். கதவு திறக்கிறது, தாஹிரா எட்டிப்பார்க்கிறாள். "மேடம், வாங்க."

குளிர். எம்.டி.யின் அறையில் ஏ.சி.யை இவ்வளவு குறைத்து வைத்திருப்பார்கள் என்று நினைக்கவில்லை, எம்.டி. மேஜைக்கு அந்தப் பக்கம், ஞானதுரை சார் ஓரமாக, தாஹிரா லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைக்கிறாள், கை சின்னது, நகத்தில் மருதாணி. "செவ்வாய்க்கிழமை பத்து நாப்பதுக்கு உங்க திரையில இருந்த எல்லா நம்பரையும் அப்படியே உறைய வெச்சிருக்காங்க மேடம். ரெண்டு நிமிஷம் கழிச்சு ஃபேன் மூணையும் நிறுத்தியிருக்காங்க. பதினாறுல நிக்க வேண்டிய எந்திரத்துக்கு முப்பது வரைக்கும் ஓடுன்னு மாத்தி எழுதியிருக்காங்க. மீட்டர் எதுவும் கெட்டுப்போகல." நான் மூச்சை விடுகிறேன், எத்தனை நேரமாக அதைப் பிடித்துவைத்திருந்தேனோ. "நீங்க நிறுத்தாம இருந்திருந்தா இன்னும் அஞ்சாறு நிமிஷத்துல வால்வு திறந்திருக்கும்." எம்.டி. கண்ணை மூடித் திறக்கிறார், அவர் பார்வை இந்த அறையின் கண்ணாடி தாண்டிக் கீழே காலி ஹாலுக்குப் போய்விட்டு வருகிறது, இருநூற்று எண்பது என்று அவரும் எண்ணியிருப்பார். இதுதான் அது, இந்த நிமிஷம், இதற்காகத்தான் இரண்டு நாள் தூக்கமில்லாமல் கிடந்தேன், நெஞ்சு விம்முகிறது, கோட்டி இல்லை, நான் பார்த்தது நிஜம், நான் செய்தது சரி. இதோடு முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். முடியவில்லை. "உள்ள வந்தது அந்த மோடம் வழியா. பாஸ்வேர்டைக்கூட மாத்தாம இருந்திருக்கு. அதை யார் மாட்டினாங்கன்னு எந்தப் பேப்பர்லயும் இல்ல." மேஜை மேல் ஒரு பேப்பர்வெயிட், உள்ளே சங்கு வைத்துச் செய்தது, அதைப் பார்த்துக்கொண்டு சொல்லக்கூடாது, நிமிர்ந்து சொல்ல வேண்டும். "நான்தான் மாட்டினேன். போன செப்டம்பர்ல. பாஸ்வேர்டை மாத்தாம விட்டதும் நான்தான். கழட்டியிருக்கணும், பதினோரு மாசம் கழட்டல." தாஹிரா நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். எம்.டி. கேட்கிறார், "யார் சொல்லி மாட்டின?" என் தப்பை நான் சொல்லிவிட்டேன், அடுத்தவர் தப்பையும் நான்தான் சொல்ல வேண்டுமா, வேண்டுமென்றால் சொல்வேன், வாயைத் திறக்கிறேன், அதற்குள் ஓரத்தில் நாற்காலி நகர்கிற சத்தம். ஞானதுரை சார் எழுந்து நிற்கிறார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. "நான் சொல்லித்தான் சார். அவ வேண்டாம்னுதான் சொன்னா. நான்தான் கேக்கல." அவர் என்னைப் பார்க்கவில்லை, ஆனால் அவர் தோள் இறங்குகிறது, இரண்டு நாளாகச் சுமந்ததை இறக்கி வைத்தவரைப்போல. "ரெண்டு பேருக்கும் மெமோ வரும்" என்கிறார் எம்.டி., குரலில் கோபம் பாதிதான் இருக்கிறது. வரட்டும். வாங்கிக்கொள்வேன், கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கிக்கொள்வேன்.

எம்.டி. தாஹிராவிடம் திரும்புகிறார். "எப்ப ஓட்டலாம்? நாளைக்கு ஒரு கண்டெய்னர் ஏத்தணும்." அவள் லேப்டாப்பை மூடுகிறாள். "கம்ப்யூட்டர் வேலையை இன்னைக்கு சாயங்காலம் நான் முடிச்சிடுவேன் சார். எந்திரம் சொல்றதை நம்பலாமா இல்லையான்னு மேடம்தான் சொல்லணும்." மூன்று பேரும் என்னைப் பார்க்கிறார்கள். நாற்பத்திரண்டு மீட்டர், பதினேழு வால்வு, ஆறு கேஸ் கருவி, ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, ஒவ்வொன்றும் காட்டுவதையும் திரை காட்டுவதையும் வைத்துப் பார்த்து, மனசுக்குள் நடந்து பார்த்துவிட்டேன், கம்ப்ரெசர் ரூமிலிருந்து மொட்டைமாடி வரை. "திங்கட்கிழமை சார்." "நாளைக்குக் கண்டெய்னர்மா." "திங்கட்கிழமைதான் சார். அதுக்கு முன்னால அந்தப் பொம்பளைகளை என்னால உள்ள கூப்பிட முடியாது." எம்.டி. என்னைப் பார்த்துக்கொண்டே போனை எடுக்கிறார், துறைமுகத்து ஏஜென்ட்டாக இருக்கும், "கண்டெய்னர் திங்கட்கிழமைக்கு மேலதான்" என்கிறார், அந்தப் பக்கம் யாரோ கத்துவது எனக்கே கேட்கிறது, யார் சார் அப்படிச் சொன்னது என்று. எம்.டி. போனை வேறு காதுக்கு மாற்றிக்கொள்கிறார். "சுயம்புக்கனி" என்கிறார், "எங்க டெக்னீஷியன். அவங்க சொன்னா சொன்னதுதான்."